ஒன்றரைத் துவாலை நீளம்

என் மனைவி சாந்தாமணி வெளியூர் ஹோட்டலுக்கு போன் செய்தால் முதலில் வாடகையைக் கேட்கமாட்டாள். காலைச் சாப்பாடு உண்டா என்றும் கேட்கமாட்டாள். "உங்கள் ஹோட்டலில் அழுக்குத் துணி வண்டி தள்ளுகிறவர் யார்? அவரிடம் பேச முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள். இந்த அம்மாள் எதையோ தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, ரிசப்ஷன்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இணைப்பைக் கொடுப்பார். அந்தக் கேள்விக்கு அவள் வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் என் அசட்டுத்தனமும் கூடவே வெளியே வரும். வரட்டும். இருபத்திரண்டு வருடமாக அவளோடு குடித்தனம் செய்கிறேன். காப்பாற்றிக்கொள்ள என்னிடம் கௌரவம் ஒன்றும் மிச்சமில்லை.

நாங்கள் டெக்சாஸில், இர்விங்கில் இருக்கிறோம். சாந்தாமணி லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் என்மேல் செய்கிறாள். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. காலில் பலம்தான் கிடையாதே தவிர, தொட்டால் தெரியும், சூடு தெரியும், எறும்பு கடித்தால் வீடே அதிரும். வீல்சேரை அவளேதான் உருட்டுவாள். கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் போடுகிற வேன் ஒன்று வைத்திருக்கிறாள். ஃப்ரீவேயில் அவள் போகிற வேகத்துக்கு நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிடுவேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரணம் என் ரிப்போர்ட்டில் இருந்தது. ஊர் அவள் காலைக் காட்டியது. நான் நாலைந்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில், காதுகுத்தில், கைக்குழந்தை ஒன்று வந்தால் மடிக்கு மடி போய்க்கொண்டே இருக்கும். சாந்தாமணியின் மடி வரும்போது மட்டும் தாண்டிப் போய்விடும். "உனக்கு எதுக்குக் கண்ணு சிரமம்" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குழந்தையின் கன்னத்தை எட்டித் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வாள்.

போன வருடம் பிப்ரவரியில் அவள் தங்கை சண்முகப்ரியா லிஸ்பனிலிருந்து வீடியோவில் வந்தாள். ப்ரியாவும் அவள் கணவன் நவநீத்தும் எட்டு வருடமாகப் போர்ச்சுகலில் இருக்கிறார்கள். ப்ரியாவுக்கு முப்பத்தெட்டு வயது. பல வருட வைத்தியத்துக்குப் பிறகு அப்போதுதான் ஐந்தாம் மாதம்.

"அம்மாவும் இல்ல. நீதான்க்கா வரோணும்," என்றாள். "வந்து பாப்பாவக் கால்ல போட்டுத் தண்ணி வாக்கோணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதென்றால், தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி வெந்நீர் வார்ப்பதுதான். ப்ரியா அவசரமாகப் பேச்சை மாற்றப் பார்த்தாள். இவள் விடவில்லை.

"வர்றன். என்ற கால்லயே போட்டு வாக்கறன்," என்றாள்.

அடுத்த சிக்கல் வீடு. ப்ரியா இருப்பது பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறுகிற மரப்படிகள் ஐம்பத்தெட்டு. நவநீத் நல்ல பையன், உதவி செய்யத் துடிப்பவன். "அதுக்கென்னக்கா, ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க. நாலு பேர் சேந்து தூக்கிட்டாப் போச்சு," என்றான்.

"நாலு பேரு தூக்கறது ஒருக்காத்தான் கண்ணு. அதுக்கு இன்னும் நாள் கெடக்குது," என்றாள் சாந்தாமணி.

திரையில் நவநீத்தின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. ஒருமுறை ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளை நாலு பேர் வீல்சேரோடு தூக்கினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அவள் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. பிரசவம் முடிந்ததும் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒரு ஹோட்டலுக்கு வந்துவிடுவது. அங்கே நாங்களும் முப்பது நாள் தங்குவது. அந்த ஹோட்டலில் ஒரு படிகூட இருக்கக் கூடாது. குளியலறையில் தொட்டி இருக்கக் கூடாது. சாந்தாமணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, எதிரில் வாளி வைக்க இரண்டு மீட்டர் சமதரை வேண்டும்.

"இவ்வளவுதானே," என்றேன் நான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் விட்டேன். கணினியில் வீல்சேர் படம் போட்ட ஹோட்டல்களாகத் தேர்ந்தெடுத்து, அதில் 'முதல் தளம்' என்று இருந்த ஓர் அறையைப் பிடித்து, புக் பண்ணிவிட்டு, மீசையில் கை வைத்துக்கொண்டு வந்து சொன்னேன். அவள் அன்றைக்கு ஆபீஸில் ஒரு ரிலீஸ் வேலையில் மூழ்கியிருந்ததால் என்னை நம்பிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

மறுநாள் காலை குளியலறை அளவைக் கேட்க அந்த ஹோட்டலுக்கு போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, கோபியில உங்க வீட்டுல ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னா எது?"

"மாடி," என்றேன்.

"லிஸ்பன்லயும் மாடிதானுங்க. லிஃப்ட் கெடையாது, பத்தொம்பது படி."

அமெரிக்காவில் தரையோடு இருப்பதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். ஐரோப்பாக்காரனும் கோபிக்காரனும் கீழே இருப்பதைப் பூஜ்யம் என்று வைத்து, மேலே ஏறினால்தான் ஒன்று என்பார்கள். பிறந்து வளர்ந்து இருபத்தேழு வயதுவரை மாடி என்று சொன்ன வாயை டெக்சாஸ் மாற்றிவிட்டது. இங்கே எங்கே போனாலும் சரிவுப்பாதை, அகலக் கதவு. படி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன். அவள் மறக்கவில்லை.

"இனிமே நான் பாத்துக்கறன்," என்றாள்.

இர்விங்கில் காலை ஐந்தரை என்றால் லிஸ்பனில் பதினொன்றரை. தினமும் காப்பியும் கையுமாக உட்கார்ந்து போன் செய்தாள். ஒருவர் "எங்களிடம் படியே இல்லை" என்பார். வாசலில் என்று கேட்டால், "வாசலில் ஒரே ஒரு படிதான்" என்பார். இன்னொருவரிடம் லிஃப்ட் உண்டு, ஆனால் லிஃப்டுக்கு முன்னால் நாலு படி. மற்றொருவரிடம் எல்லாம் சரி, குளியலறையில் மட்டும் இடுப்பளவு தொட்டி. ஒரு மகராசன், "கவலைப்படாதீர்கள், எங்கள் பையன்கள் பலசாலிகள், உங்களைத் தூக்கிவிடுவார்கள்" என்றானாம். பதினோரு ஹோட்டல் இப்படிப் போயிற்று. எனக்கு ரத்தம் கொதித்தது, அந்த நாட்டையே திட்டினேன். அவள் திட்டவில்லை.

"வீட்டுக்கு வீடு வாசப்படின்னு சும்மாவா சொன்னாங்க," என்று சிரித்தாள். பிறகு காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "இவிங்க பொய் சொல்லலீங்க மாமா. நடக்கறவனுக்குப் படி கண்ணுல படாது. சக்கரம் வெச்சதத் தள்றவங்களுக்குத்தான் தெரியும். ஹோட்டல்ல தெனமும் சக்கரம் தள்றது யாரு?"

அழுக்குத் துணி வண்டி! நூறு படுக்கை விரிப்பும் நூறு துவாலையும் ஏற்றிய வண்டியை எவளும் படியில் தூக்கமாட்டாள். தெருவிலிருந்து ஒவ்வோர் அறை வரைக்கும் அது உருண்டுதான் போயாக வேண்டும். நானும் இந்தப் பூமியில் ஐம்பத்திரண்டு வருடமாக நடக்கிறேன், எத்தனையோ ஹோட்டலில் அந்த வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டிருக்கிறேன். எனக்கு இது தோன்றவே இல்லை. அன்றைக்கு அவளை நான் பார்த்த பார்வையில் அவளே வெட்கப்பட்டு, "காப்பி ஆறுதுங்க" என்றாள்.

பன்னிரண்டாவது ஹோட்டலில் வண்டி தள்ளுகிறவளின் பெயர் லூர்தெஸ். வயது அறுபது இருக்கும். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. சாந்தாமணி 'டெக்ராவ்' என்ற ஒரு சொல்லை மட்டும் கற்று வைத்திருந்தாள், அதற்குப் படி என்று அர்த்தம். "டெக்ராவ் உண்டா?" என்று கேட்டாள். முன்வாசலில் இரண்டு உண்டு, என் வாசலில் இல்லை என்றாள் லூர்தெஸ். கதவு எவ்வளவு அகலம், குளியலறைத் தரை எவ்வளவு நீளம் என்று கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் அளவு டேப்பும் இல்லை. கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, "துவால்யா, துவால்யா" என்றாள்.

"துவாலையா?" என்று கத்தினாள் சாந்தாமணி.

குளித்துத் துவட்டும் துவாலைக்கு அவர்கள் ஊரிலும் கிட்டத்தட்ட அதே பெயர். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தவர்கள் நம்மிடம் விட்டுப்போன சொல்லாம். அப்புறம் இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்டது. லூர்தெஸ் 'ஜனெலா' என்றால் இவள் ஜன்னல் என்பாள். அவள் 'ஷாவ்' என்றால் இவள் சாவி என்பாள். காலை ஆறு மணிக்கு என் வீட்டுச் சமையலறையில், கண்காணாத ஒருத்தியோடு என் மனைவி தமிழும் போர்ச்சுகீசுமாகக் கூவிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு மெய்சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை, கை மயிர் எழுந்து நின்றது.

லூர்தெஸ் ஹோட்டல் துவாலையாலேயே எல்லாவற்றையும் அளந்து சொன்னாள். கதவு, துவாலையின் அகலமும் மேலே நாலு விரலும். குளியலறைத் தரை, ஒன்றரைத் துவாலை நீளம். எல்லா ஹோட்டல் துவாலையும் ஒரே அளவா என்று நான் குறுக்குக் கேள்வி கேட்டேன். சாந்தாமணி அதையும் கேட்டு வைத்திருந்தாள். ஓரத்தில் தைத்திருந்த சீட்டில் நூற்று நாற்பது சென்டிமீட்டர் என்று இருந்ததாம். அப்படியானால் தரை இரண்டு மீட்டருக்கு மேல்.

அவ்வளவு நீளம் எதற்கு என்று லூர்தெஸ் கேட்டாள். இவள் சொன்னாள். குழந்தை, கால், வெந்நீர் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். கடைசிவரை கேட்டாள் லூர்தெஸ். பிறகு, "வா, நான் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் வந்தது.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒத்திகை. பாப்பாவுக்குப் பதிலாகப் பத்து பவுண்டு பொன்னி அரிசிப் பை. சாந்தாமணி தரையில் உட்கார்ந்து, கையாலேயே ஒவ்வொரு காலாக எடுத்து நீட்டி, பையைக் கிடத்துவாள். நான் மக்கில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் வாரம் பை வழுக்கி வழுக்கி விழுந்தது. முழங்காலுக்குக் கீழே அவள் கால் என் மணிக்கட்டு அளவுதான் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் பள்ளம். ஒரு துவாலையைச் சுருட்டி நடுவில் வைத்துப் பார்த்தாள். பை நின்றது. அப்புறமும் நாற்பது தடவை செய்து பார்த்தாள். அந்த அரிசியைப் பிறகு வெயிலில் காயவைத்து இட்லிக்கு அரைத்தோம்.

ஜூனில் போய் இறங்கினோம். ஹோட்டல் வாசலில் இரண்டு படி. ரிசப்ஷனிலிருந்து ஓடி வந்த இளைஞன் கோட்டுக் கையை மடித்துக்கொண்டே, "தூக்கிவிடுகிறோம் மேடம்" என்றான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அதற்குள் சந்துப் பக்கத்திலிருந்து குட்டையாக ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். நீல மேலங்கி, கழுத்தில் சின்னச் சிலுவை. "சாந்தா! சாந்தா!" என்று கூப்பிட்டாள். லூர்தெஸ்தான்.

அவள் காட்டிய வழி, சந்தில் இருந்த துணி வாசல். உள்ளே சோப்பு வாசனை, இரண்டு பக்கமும் வெள்ளை விரிப்புகள் மலைபோல. எனக்கு மனசு குறுகிவிட்டது. "பின்வாசல் வழியாவா சாந்தா?" என்றேன்.

"உருண்டு போற வாசல்தானுங்க எனக்கு முன்வாசல்," என்று சொல்லிக்கொண்டே அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். அந்த முப்பது நாளும் அவளை யாரும் தூக்கவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி ப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே கால் கிலோ. நாலாம் நாள் ஹோட்டலுக்கு வந்தார்கள். அவ்வளவு சின்ன உயிரை நான் பார்த்ததே இல்லை, மூச்சு விடுகிறதா என்று கிட்டே போய்க் கிட்டே போய்ப் பார்த்தேன். ப்ரியா இந்த நாலு நாளில் மாறிப்போயிருந்தாள். எதற்கெடுத்தாலும் பயம். நவநீத் தும்மினால்கூட வெளியே அனுப்பினாள். தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது பன்னிரண்டாம் நாள் விழுந்தது.

அன்று காலை பத்து மணி. குளியலறையில் வெந்நீரை விளாவி வாளியில் நிரப்பி வைத்தேன். சாந்தாமணி நைட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, வீல்சேரிலிருந்து முக்காலிக்கும் முக்காலியிலிருந்து தரைக்கும் கைகளை ஊன்றியே இறங்கினாள். சுவரில் சாய்ந்தாள். வலது காலை எடுத்து நீட்டினாள். இடது காலை எடுத்து நீட்டினாள். நடுவில் துவாலையைச் சுருட்டி வைத்துத் தட்டிப் பார்த்தாள். முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, "இன்னொரு மக்கு பச்சத் தண்ணி விடுங்க" என்றாள். விட்டேன்.

ப்ரியா குழந்தையோடு கதவருகில் நின்றாள். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதிலிருந்து பார்த்த கால்கள்தான். அவள் கைகள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். சாந்தாமணியும் பார்த்தாள்.

கடல் தாண்டி வந்து, ஒன்றரைத் துவாலைத் தரைக்காக மூன்று மாதம் போராடி, கடைசியில் இந்த ஓரடித் தூரத்தில் எல்லாம் நின்றுபோகிறதே என்று நினைத்தேன். வாயைத் திறந்திருந்தால் ப்ரியாவைத் திட்டியிருப்பேன்.

"பயமா இருந்தாச் சொல்லு கண்ணு," என்றாள் சாந்தாமணி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம். தொட்டியில வேணும்னாலும் வாக்கலாம். தப்பில்ல."

ப்ரியா உதட்டைக் கடித்தாள். பிறகு ஈரத்தரையில் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து, குழந்தையை அக்காவின் கால்மேல் கிடத்தினாள். கிடத்திவிட்டுக் கையை எடுக்கவில்லை. மெள்ள ஒரு கையை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கையையும் எடுத்தாள்.

குழந்தை வழுக்கவில்லை. அந்த இரண்டு குச்சிக் கால்களும் நடுவில் துவாலையும் சேர்ந்து அதற்கென்றே செய்த பலகைபோல் இருந்தன. சாந்தாமணி இடது கையால் தலையை ஏந்திக்கொண்டு, வலது கையால் தண்ணீரை வயிற்றில் விட்டாள். வீறிட்டு ஒரு அழுகை. அடுத்த கை, நெஞ்சில். அடுத்த கை, தொடையில். அழுகை அடங்கி, குழந்தை கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தது. அவள் குப்புறத் திருப்பி முதுகில் வார்த்தபோதும் கைக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? மடிமடியாகப் போன குழந்தைகளை எட்ட இருந்து பார்த்தே கற்றிருக்கிறாள்.

"மாமா! ஒதைக்கறாளுங்க!" என்று திடீரென்று கத்தினாள். "என்ற கால ஒதைக்கறா. தெரியுதுங்க எனக்கு. என்ன ஒத ஒதைக்கறா பாருங்க!"

எனக்குக் கண் மறைத்தது. மக்கை வாளியில் போட்டுவிட்டேன். ப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எங்கள் மூன்று பேரில் அப்போது அழாதவள் சாந்தாமணி மட்டும்தான். அவளுக்கு வேலை இருந்தது.

துவட்டி, தலையோடு சுற்றி, மறுபடியும் கால்மேலேயே போட்டுக்கொண்டாள். குழந்தை ஒரு கொட்டாவி விட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போயிற்று. தரையில் இருந்த தண்ணீரெல்லாம் வடிந்து காய்ந்துவிட்டது. அறையைச் சுத்தம் செய்ய வந்த லூர்தெஸ், எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டு போனாள். அரைமணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. நானும் ப்ரியாவும் வாசற்படி இல்லாத அந்தக் கதவருகில் உட்கார்ந்திருந்தோம்.

"மாமா," என்றாள் மெதுவாக. "கால் மரத்துப்போச்சுங்க."

பிள்ளை வளர்த்த பெண்களெல்லாம் சொல்கிற குறைதான் அது. ஆனால் அந்தக் கால்கள் இன்னோர் உயிரைச் சுமந்து மரத்துப்போனது, நாற்பத்தெட்டு வருடத்தில் அன்றைக்குத்தான். ப்ரியா பதறிக் குழந்தையை எடுக்கக் குனிந்தாள். சாந்தாமணி கையை நீட்டி மறித்தாள்.

"மரத்தா மரத்துட்டுப் போவுது. நீ போயிச் சாப்புடு," என்றாள்.